காட்டின் செல்வம் எங்கே இருக்கிறது?

(லகாட்டில் நடைபெற்ற தொழிலாளர் கல்வி வகுப்பில் ஆற்றிய உரை)



வழக்கமாகச் சம்பளம், லீவு, வீட்டு வசதி ஆகிய விஷயங்களைப் பேசுவதற்காகக் கூடும் நாம், இன்று காட்டைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். "காட்டுக்கும் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அதற்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுவோம். நாம் வெட்டும் கித்தா மரம் ஒரு காட்டு மரம். தென் அமெரிக்காவின் அமேசான் காட்டிலே பிறந்த மரம். 1876ஆம் ஆண்டு ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் அதன் விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்பது நம் பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தக் காட்டு மரத்தின் குணத்தை நம்பித்தான் நம் பாட்டன் காலத்திலிருந்து நம் அடுப்பு எரிந்து வந்திருக்கிறது. வெயில் காய்ந்தால் பால் குறைகிறது. பால் குறைந்தால் கூலி குறைகிறது. ஆகவே மரம் எப்படி வளர்கிறது, வறட்சி வந்தால் என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளும் உரிமை வேறு எவரையும்விட நமக்கே அதிகம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களையவேண்டும். அடர்ந்த காட்டைக் கண்டால், "ஆகா, இந்த மண் எவ்வளவு வளமான மண்!" என்று தோன்றும். நூறடி, நூற்றைம்பதடி உயர்ந்து நிற்கும் மெராந்தியையும் கெருயிங்கையும் பார்த்தவர் வேறு என்ன நினைப்பார்? முதன்முதலாகத் தோட்டம் திறந்த துரைமார்களும் அப்படித்தான் நினைத்தார்கள். காட்டை வெட்டிச் சாய்த்தார்கள், தீ வைத்தார்கள், நம் முன்னோர்களைக் கொண்டு கன்று நட்டார்கள். அதோடு விட்டார்களா? ஒரு புல்லும் தலைகாட்டக்கூடாது என்று மண்ணைச் சுத்தமாகச் செதுக்கி வைக்கச் சொன்னார்கள். பெண்களும் பிள்ளைகளும் முதுகு ஒடியப் புல் வெட்டினார்கள். விளைவு என்ன? நம் நாட்டு மழை சும்மா விடுமா? மேல்மண் சரிந்து ஆற்றில் இறங்கியது. இது நஷ்டம் என்று உணர்ந்த பிறகு, 1920களிலும் 1930களிலும், நிரைகளுக்கு நடுவே மண்ணை மூடும் கொடிகளைப் படரவிடும் முறை பரவியது. இன்றும் இளங்கன்றுகளுக்கிடையே பச்சைப் பாய் விரித்தாற்போல் படர்ந்து கிடக்கும் பயற்றுக் கொடிகள் அந்தப் பாடத்தின் பலன்தான்.

அப்படியானால் உண்மை என்ன? வெப்பநாட்டுக் காடுகளில் மிகப் பல, ஏழை மண்ணின்மேல் நிற்கின்றன. இலட்சக்கணக்கான ஆண்டுகளாக வெயிலும் மழையும் தாக்கித் தாக்கி, கரையக்கூடிய சத்துகளெல்லாம் கழுவிக்கொண்டு போய்விட்டன. எஞ்சி நிற்பது இரும்பும் அலுமினியமும் மிகுந்த செம்மண். அந்த இரும்பும் அலுமினியமும் பாஸ்பரஸ் சத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கின்றன. மண்ணிலே இருந்தும் மரத்தின் கைக்கு எட்டாத சத்து அது. பெட்டியில் பணம் இருக்கிறது, சாவி வேறொருவர் கையில் இருக்கிறது என்றால் எப்படியோ, அப்படி!

பிறகு காடு எதைத் தின்று வாழ்கிறது? தோழர்களே, நம் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாங்கியில் சேமிப்பு இல்லாத குடும்பம் எப்படி வாழ்கிறது? வந்த காசு உடனே கைமாறுகிறது; கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சீட்டுக்கும் போகிறது; மறுபடி வருகிறது. ஒரு காசும் வீணாகாமல் சுழன்றால்தான் குடும்பம் நிற்கும். காட்டின் கணக்கும் இதே கணக்குத்தான். அதன் செல்வத்தில் பெரும்பங்கு உயிருள்ள மரத்திலும், விழுந்த சருகிலும், மேல்மண்ணின் சில அங்குலங்களிலும் சுழன்றுகொண்டிருக்கிறது. இலை விழுகிறது, பூஞ்சணமும் கரையானும் புழுவும் அதைச் சிதைக்கின்றன, வெளிவரும் சத்தை, மழைநீர் கொண்டுபோகுமுன் வேர் பிடித்துக்கொள்கிறது. வேரோடு ஒட்டி வாழும் நுண்ணிய பூஞ்சண இழைகள் இந்த வேலையில் மரத்துக்குக் கூட்டாளிகள். மரம் அவற்றுக்குச் சர்க்கரை கொடுக்கிறது. அவை வேர் நுழைய முடியாத இடுக்குகளில் நுழைந்து பாஸ்பரஸ் தேடிக் கொடுக்கின்றன. நம் மெராந்தி, கெருயிங், கபூர், செங்கால் ஆகிய மரங்களெல்லாம் இவ்விதக் கூட்டுறவில் வாழ்பவைதாம்.

இது எவ்வளவு இறுக்கமான சிக்கனம் என்பதற்கு ஓர் ஆதாரம் சொல்லுவோம். வெனிசுவேலா நாட்டில், ரியோ நெக்ரோ ஆற்றோரக் காட்டில், நிலத்தின்மேல் வேர்கள் பாய்போல் பின்னிக் கிடக்கின்றன. அடையாளமிட்ட கால்சியத்தையும் பாஸ்பரஸையும் ஆராய்ச்சியாளர்கள் அந்த வேர்ப் பாயின்மேல் தெளித்துப் பார்த்தார்கள். 1978இல் வெளிவந்த முடிவின்படி, ஆயிரத்தில் ஒரு பங்குதான் பாயைத் தாண்டிக் கீழே கசிந்தது. எந்த ஆபீசில் இப்படி ஒரு கணக்கு உண்டு? கணக்குப் புத்தகம் எழுதிப் பழகிய கிராணிமார்களான எங்களுக்கே வியப்பாக இருக்கிறது.

மரம் தன் இலையை உதிர்க்குமுன், அதிலுள்ள தழைச்சத்திலும் பாஸ்பரஸிலும் ஏறக்குறையப் பாதியை உறிஞ்சி எடுத்துக்கொண்டுதான் உதிர்க்கிறது. பிரேசில் நாட்டில் மனாவுஸ் நகருக்கு அருகே ஒரு காட்டில் தனித்தனிப் பாத்திகளுக்குத் தனித்தனி உரம் போட்டுப் பார்த்தார்கள். தழைச்சத்து போட்ட இடத்தில் வளர்ச்சி கூடவில்லை. பாஸ்பரஸ் போட்ட இடத்திலேயே இலையும் வேரும் கூடுதலாக வளர்ந்தன. 2022இல் இதை வெளியிட்டார்கள். அமேசான் காட்டுக்கு இந்தப் பாஸ்பரஸ் எங்கிருந்தெல்லாம் வருகிறது தெரியுமா? ஆப்பிரிக்காவின் சகாராப் பாலைவனத் தூசி, அட்லாண்டிக் கடலைக் கடந்து காற்றிலே வந்து விழுகிறது. ஆண்டுக்குச் சுமார் 22,000 டன் பாஸ்பரஸ் இவ்விதம் வந்து சேர்வதாகச் செயற்கைக்கோள் கணக்கைக் கொண்டு 2015இல் மதிப்பிட்டார்கள்.

ஏழை மண்ணிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. சரவாக்கில் வெண்மணல் நிலத்துக் காட்டை இபான் மக்கள் 'கெரங்காஸ்' என்கிறார்கள். நெல் விளையாத நிலம் என்பது அதன் பொருள். அங்கே மரங்கள் குட்டை. இலைகள் சிறியவை, தடித்தவை. சத்துக்கு வழியில்லாமல் பூச்சியைப் பிடித்துத் தின்னும் குடுவைச் செடிகள் அங்கே மிகுதி. அதே சரவாக்கின் லம்பீர் காட்டில், மணற்பாங்கான இடத்து மரங்கள் மெல்ல வளர்கின்றன, மெல்லச் சாகின்றன. களிமண் இடத்து மரங்கள் விரைந்து வளர்கின்றன, விரைந்து சாகின்றன. ஏழை மண்ணில் பிறந்த மரம் ஓர் இலையைச் செய்ய மிகுந்த செலவு செய்கிறது; ஆகவே அந்த இலையை நெடுநாள் வைத்துக் காப்பாற்றுகிறது. ஒரே சட்டையைத் தைத்துத் தைத்து உடுத்தியவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

இந்தச் சிக்கன வாழ்வில் எத்தனை குடும்பங்கள்! நெகிரி செம்பிலான் பாசோ காட்டில் 50 ஹெக்டார் நிலத்தை அளந்து, விரல் பருமனுக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்தையும் 1980களில் எண்ணினார்கள். ஏறக்குறைய 3,35,000 மரங்கள், 814 இனங்கள். நம் தோட்டத்தில் ஒரே இனம்.

இனி நம் ஊருக்கு வருவோம். லகாட், பாப்பான், பூசிங், பத்து காஜா என்று எந்தப் பக்கம் போனாலும் நாம் காண்பதென்ன? ஈயக் குட்டைகளும் வெள்ளை மணல் மேடுகளும்! கிந்தா பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் உலகுக்கே ஈயம் கொடுத்தது. ஈயத்துக்காக மண்ணைக் கழுவினார்கள். கழுவும்போது களிமண் ஒரு பக்கமும் மணல் ஒரு பக்கமும் பிரிந்தன. 1985இல் ஈயத்தின் விலை சரிந்தது, சுரங்கங்கள் மூடின, வேலை இழந்தவர்கள் பல ஆயிரம். மணல் மட்டும் இன்னும் கிடக்கிறது. தீபகற்பம் முழுவதிலும் இத்தகைய நிலம் ஒரு இலட்சம் ஹெக்டாருக்கும் மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இந்த மணலில் ஏன் பெருங்காடு திரும்பவில்லை? மழை குறைவா? இல்லை. ஈப்போ வட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. வெயில் குறைவா? அதுவும் இல்லை. சுழன்றுகொண்டிருந்த முதல் போய்விட்டது! சருகு இல்லை, பூஞ்சணம் இல்லை, தாய்மரமும் இல்லை. மணலில் ஊற்றிய நீர் நிற்பதில்லை. உச்சி வெயிலில் கால் வைக்க முடிவதில்லை. லாலானும் முட்புதரும் சில கடினமான மரங்களுமே மெல்ல மெல்ல ஏறுகின்றன. ஆனால் அடியோடு நம்பிக்கை இழக்கவேண்டியதும் இல்லை. கெப்போங்கிலுள்ள வன ஆராய்ச்சி நிலையம், 1920களின் கடைசியில் கைவிடப்பட்ட ஈய நிலத்திலும் காய்கறித் தோட்ட நிலத்திலும் மரம் நட்டு வளர்த்த இடம். இன்று அங்கே நிற்பது காடு. நம் பேராக்கிலேயே பீடோரில் ஈய மணலில் மரம் வளர்க்கும் ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் இருக்கிறது. செய்ய முடியும். அதற்கு உரம் வேண்டும், நிழல் வேண்டும், கைகள் வேண்டும், பல பத்தாண்டு காலமும் வேண்டும். ஒரு வாரத்தில் அழித்ததை ஒரு தலைமுறையில்தான் மீட்கலாம்.

அடுத்து வறட்சி. மரம் தண்ணீரை எப்படி மேலே ஏற்றுகிறது? இலையின் நுண்துளைகள் வழியே நீர் ஆவியாகப் போகிறது. போகும் நீர், பின்னால் உள்ள நீரை இழுக்கிறது. வேரிலிருந்து உச்சிவரை அறுபடாத ஒரு நீர்க்கயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். மண் காய்ந்தால் அந்தக் கயிறு விறைக்கிறது. மிஞ்சி இழுத்தால் அறுந்து, குழாயில் காற்றுக்குமிழி புகுந்துவிடுகிறது. இதைத் தடுக்க மரம் முதலில் இலைத்துளைகளை மூடுகிறது. மூடினால் உணவு செய்ய முடியாது. திறந்தால் தாகம், மூடினால் பசி! அதுவும் போதாவிட்டால் இலையை உதிர்க்கிறது. அப்போதும் போதாவிட்டால் கிளை காய்கிறது. பிறகு மரமே சாகிறது.

இதன் ஒரு பகுதியை நாம் தினமும் கையால் உணர்கிறோம். ஏன் இருட்டோடு எழுந்து, தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போகிறோம்? இரவில் இலைத்துளைகள் மூடியிருப்பதால் மரம் நீரால் நிரம்பி விம்முகிறது. பாலில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான். 1960களில் மலாயாவில் பால் குழாய்களின் உள் அழுத்தத்தை அளந்தபோது, விடியுமுன் அது பத்து வளிமண்டல அழுத்தத்தை எட்டுவதும், வெயில் ஏற ஏறக் குறைவதும் தெரியவந்தது. மோட்டார் வண்டிச் சக்கரத்தில் அடைக்கும் காற்றைப்போல் நாலைந்து மடங்கு! அந்த அழுத்தம்தான் மங்கில் சொட்டும் பால். ஜனவரி முதல் மார்ச் வரை மரம் சிவந்து இலை கொட்டும்போது, பால் குறைவதும் இதே கதைதான். புது இலை விடுவதற்கு மரம் தன் சேமிப்பைச் செலவிடுகிறது. நமக்குக் கொடுக்க மிச்சமில்லை. வறண்ட பருவமுள்ள நாட்டிலிருந்து வந்த மரம் தன் பழைய பழக்கத்தை மறக்கவில்லை.

பெருங்காடு வறட்சியைத் தாங்குமா? ஓரளவு தாங்கும். நல்ல மழை நாட்டில் காடு மாதம் சுமார் 100 மில்லிமீட்டர் நீரைக் குடிக்கிறது. மழை அதற்குக் குறைந்தால் ஆழத்து நீரை எடுக்கிறது. கிழக்கு அமேசானில் எட்டு மீட்டருக்கும் கீழே இறங்கி நீர் குடிக்கும் வேர்களை 1990களில் கண்டார்கள். ஆனால் எல்லை உண்டு. பிரேசிலின் கசியுவானா காட்டில், ஒரு ஹெக்டார் நிலத்தின்மேல் பிளாஸ்டிக் பலகைகளைக் கட்டி, இருபதாண்டுக்கும் மேலாக மழையில் பாதியைத் தடுத்து வந்தார்கள். முதலில் சாய்ந்தவை எவை? பெரிய மரங்கள்! நீர்க்கயிறு நீளமானது, அறுபடும் ஆபத்தும் அதிகம். அந்தக் காடு தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இழந்தது. எஞ்சிய மரங்கள் குறைந்த நீரைப் பங்கிட்டுக்கொண்டு நிலைத்தன. காடு அழியவில்லை; சிறுத்துவிட்டது.

நம் பக்கத்தில் 1997-98 எல் நினோ வறட்சியை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1998 ஏப்ரல் 9ஆம் தேதி பெர்லிஸ் சுப்பிங்கில் 40.1 டிகிரி வெப்பம் பதிவாயிற்று. அந்த வறட்சியில் லம்பீர் காட்டில் மரங்கள் வழக்கத்தைவிடப் பல மடங்கு செத்தன. அதற்கு முன்பு, 1982-83 வறட்சியில், கிழக்குக் கலிமந்தானில் 30 இலட்சம் ஹெக்டாருக்கும் மேல் எரிந்தது. மரம் வெட்டி ஓட்டை விழுந்த காடுதான் அதிகம் எரிந்தது. வெட்டாத காட்டில் சேதம் குறைவு. காரணம் எளிது. மூடிய கூரையின் கீழ் சருகு ஈரமாக இருக்கும். கூரை பிரிந்தால் சருகு காயும். காய்ந்தால் அது அழுகிச் சத்தாவதற்குப் பதில் எரிந்து சாம்பலாகும்; அடுத்த மழை அந்தச் சாம்பலை ஆற்றில் சேர்க்கும். ஏழை மண்ணும் வறட்சியும் கைகோக்கும் இடம் இதுவே. ஈரமில்லாவிட்டால் சத்து சுழலாது. சத்து சுழலாவிட்டால் அடிபட்ட காடு தேறாது.

வறட்சி கேடு மட்டுமே செய்வதும் இல்லை. வறண்ட நாட்களும் குளிர்ந்த இரவுகளும் சேர்ந்து வரும் ஆண்டுகளில் மெராந்தி இன மரங்கள் ஒருசேரப் பூத்துக் குலுங்குகின்றன. பல ஆண்டுக்கு ஒருமுறை வரும் அந்தப் பூப்பில்தான் காட்டின் அடுத்த தலைமுறை பிறக்கிறது. நம் கம்பத்து டுரியானும் நல்ல வெயில் காய்ந்தபின் பூப்பதை நாம் அறிவோம். ஆனால் தாய்மரம் நின்றால்தானே பூ?

தோழர்களே! கேட்டுவிட்டு எழுந்து போவதற்காக இவ்வளவும் சொல்லவில்லை. நாம் செய்யவேண்டியவை உண்டு.

ஒன்று: சருகைக் கொளுத்தாதீர்கள், கொளுத்தச் சொன்னால் கேள்வி கேளுங்கள். மறுநடவின்போது மரத்தை எரிக்காமல் மண்ணிலேயே மக்கவிடவேண்டும் என்று கேளுங்கள். நிரை நடுவே படரும் கொடியைக் காப்பாற்றுங்கள். ஏழை மண்ணுக்கு அதுவே சேமநிதி.

இரண்டு: மழைக் கணக்கு. தோட்டத்து ஆபீஸ்களில் மழைமானி இருக்கும். காலையில் அதை அளந்து எழுதும் புத்தகமும் இருக்கும். அந்தப் புத்தகமும் பால் எடைப் புத்தகமும் பக்கத்தில் பக்கம் வைத்துப் படிக்கப்படவேண்டும். நமக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில், இலையுதிர் மாதத்தில் பால் குறைந்ததற்கு வெட்டுபவர்களின் சோம்பலே காரணம் என்று எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். கமிட்டித் தோழர்கள் மழைப் புத்தகத்தையும், முந்திய மூன்று ஆண்டுகளில் அதே மாதத்தின் எடையையும் எடுத்துக் காட்டினார்கள். கடிதம் திரும்பப் பெறப்பட்டது. கோபத்தால் ஆகாதது கணக்கால் ஆயிற்று! எடைக்குக் கூலி வாங்குபவருக்கும் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் பொருந்தும் என்பதை மறவாதீர்கள். 2025 பிப்ரவரி முதல் ஐவரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களிலும், அவ்வாண்டு ஆகஸ்ட் முதல் மற்ற இடங்களிலும் அது மாதம் 1,700 ரிங்கிட் என்று நிர்ணயிக்கப்பட்டது. மரம் இலை உதிர்ப்பதற்குத் தொழிலாளி அபராதம் கட்டவேண்டியதில்லை.

மூன்று: வெயில். உச்சிப்பொழுதில் மரமே இலைத்துளையை மூடி ஓய்வெடுக்கிறது. மனிதனுக்கு அந்த ஓய்வு வேண்டாமா? கடும் வெயில் நாட்களில் குடிநீர், நிழல், வேலைநேர மாற்றம் ஆகியவற்றைக் கேட்டுப் பெறுவது நம் பேச்சுவார்த்தையில் இடம்பெறவேண்டும்.

நான்கு: நமக்கு மேலே நிற்கும் மலைக்காடுகள். மெங்லெம்புவுக்குப் பின்னால் நிற்கும் கிளேடாங் மலையையும் உலு கிந்தா காடுகளையும் யாரோ ஒருவரின் சொத்து என்று எண்ணாதீர்கள். அங்கே பெய்யும் மழையை அந்தச் சருகும் வேரும் பிடித்துவைத்து மெல்ல விடுவதால்தான் வறண்ட மாதத்திலும் நம் குழாயில் தண்ணீர் வருகிறது. அந்தக் காட்டை எடுத்துவிட்டால் கீழே கிடைப்பது பொன் விளையும் பூமி அன்று. எப்படிப்பட்ட நிலம் கிடைக்கும் என்பதை அறிய நாம் தூரதேசம் போகவேண்டாம். லகாட் சாலையோரத்து மணல் மேட்டைப் பார்த்தால் போதும்.

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புங்கள். மண்ணையும் மழையையும் பற்றிப் படிக்கச் சொல்லுங்கள். அந்தப் படிப்பு துரைமார் பிள்ளைகளுக்கு மட்டும் என்று எவரும் எழுதிவைக்கவில்லை. அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு டிவிஷன் தோழரும் தத்தம் தோட்டத்தின் மூன்றாண்டு மழைக் கணக்கைக் கேட்டு வாங்கி வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். கொடுக்க மறுத்தால், மறுத்தார்கள் என்பதையும் தேதியோடு எழுதிக்கொண்டு வாருங்கள்.